பொறுப்பு கைக்கு வந்தவுடன்: தன்னை ஆளக் கற்பதற்கு ஒரு வழிகாட்டி

நேற்றுவரை உங்களோடு டீ குடித்தவர்கள் இன்று உங்களிடம் வந்து லீவு கேட்கிறார்கள். அலுவலகத்தில் குழுத் தலைவர், பள்ளியில் தலைமையாசிரியர், சுயஉதவிக் குழுவின் தலைவி, பட்டறையில் ஆறு பேரை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரி என்று பதவியின் பெயர் எதுவாக இருந்தாலும் முதல் பொறுப்பு ஏறக்குறைய இப்படித்தான் ஆரம்பிக்கிறது. உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஆட்களை எப்படிச் சமாளிப்பது?"

நம் நாட்டின் ஆட்சி நூல்கள் அந்தக் கேள்வியை இரண்டாவதாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. வரி, கோட்டை, ஒற்றர், போர் என்று பேசும் அர்த்தசாஸ்திரம் கொஞ்சமும் மென்மையில்லாத நூல். அதில்கூட முதல் அதிகரணத்தின் (பெரும்பகுதியின்) 6, 7ஆம் அத்தியாயங்கள் அரசனின் புலனடக்கத்தைப் பற்றியவை. அமைச்சரை நியமிப்பது எப்படி என்பது 8ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது. (இந்த நூலின் ஓலைச்சுவடியை மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர். ஆர். சாமாசாஸ்திரி அதை 1909இல் அச்சேற்றினார்.) திருக்குறளின் பொருட்பாலிலும் இதே வரிசைதான். இறைமாட்சி முதல் குற்றங்கடிதல் வரையிலான ஆறு அதிகாரங்கள் அரசனின் சொந்தத் தகுதியைப் பேசுகின்றன. துணைக்கு ஆள் தேடும் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதற்கு அடுத்தது. எதிரியின் பலத்தை எடைபோடும் 'வலியறிதல்' இன்னும் தள்ளி இருக்கிறது.

எனவே தன்னடக்கம் என்றதும் காவியும் கமண்டலமும் நினைவுக்கு வர வேண்டாம். ஆள்பவனுக்குக் கொடுத்த தொழிற்பயிற்சி அது. கீழே உள்ளவற்றை ஒரே நாளில் ஆரம்பிக்காமல் வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கோபம் யாரிடம் போகிறது என்று பாருங்கள்

முதல் வாரம் கோபத்தை அடக்க முயல வேண்டாம். அது போகும் திசையைக் கவனித்தால் போதும். இதற்கு அடிப்படை வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள்:

செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கின்என் காவாக்கால் என்.

சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதைத் தடுப்பவனே உண்மையில் சினம் காப்பவன். செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால்தான் என்ன என்கிறார் வள்ளுவர். மண்டல மேலாளரிடம் நீங்கள் பொறுமையாக இருப்பதற்கு மார்க் கிடையாது. அங்கே உங்கள் கோபம் எடுபடாது என்பதால் அது தானாகவே அடங்கியிருக்கிறது. கோபித்தால் எதிர்த்துப் பேச முடியாதவர் முன்னால் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் பரீட்சை.

பொறுப்பு வந்ததும் மாறுவது இந்த இடம்தான். நேற்று நீங்கள் சக ஊழியரிடம் எரிந்து விழுந்திருந்தால் அவர் திருப்பிக் கொடுத்திருப்பார், நீங்களும் அடங்கியிருப்பீர்கள். உங்கள் கோபத்துக்குக் கரை கட்டியிருந்தது அவருடைய வாய். இன்று அதே மனிதர் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க சார்" என்கிறார். அந்தக் குனிந்த தலையை, நம் பக்கம்தான் நியாயம் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். சம்பளம் வாங்குகிற ஒருவர் தலைகுனிவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், உங்கள் நியாயம் அதில் ஒன்றாக இல்லாமலும் போகலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாக்கெட்டில் அடங்கும் நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் வந்த ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் குறியுங்கள்: எப்போது, யாரிடம், அவரால் உங்களுக்குத் திருப்பிப் பதில் சொல்ல முடியுமா. உதாரணமாக, "செவ்வாய், மதியம் 2.40. கூரியர் பையன். அட்ரஸ் கேட்டு இரண்டாம் தடவை போன் செய்தான். கத்தினேன். பதில் சொல்ல முடியாதவன்." "வியாழன் காலை. மேலதிகாரி இலக்கை மறுபடி மாற்றினார். கொதித்தது. வாய் திறக்கவில்லை."

வாரக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள். பெரும்பாலானோருக்கு அதில் ஒரு விஷயம் கண்ணில் படும். "எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அடக்க வராது" என்று இத்தனை நாள் சொல்லிவந்தது பொய். வியாழக்கிழமை காலை அழகாக அடக்கியிருக்கிறீர்கள். அடக்கத் தெரிந்த அதே ஆள் கூரியர் பையனிடம் அடக்காமல் விட்டிருக்கிறார். ஆகவே புதிதாக ஒரு திறமையைக் கற்க வேண்டியதில்லை, ஏற்கனவே இருப்பதைக் கீழ்நோக்கியும் பயன்படுத்தினால் போதும். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

2. ஆறில் உங்களுடையது எது?

ஆள்பவனை உள்ளிருந்து அழிக்கும் பகை ஆறு என்கிறது அர்த்தசாஸ்திரம்: காமம், குரோதம் (சினம்), லோபம் (பேராசை), மானம், மதம் (செருக்கு), ஹர்ஷம் (உவகை). ஒவ்வொன்றுக்கும் கெட்டுப்போனவர்களின் பெயரையும் சொல்கிறது. லோபத்துக்கு, நான்கு வருணத்தாரிடமும் பொருளைப் பிடுங்கிய ஐலன். மானத்துக்கு இராவணனும் துரியோதனனும். ஒருவன் பிறன் மனைவியைத் திருப்பித் தரவில்லை, மற்றவன் நாட்டில் பங்கு தரவில்லை. ஹர்ஷத்துக்கு, அகத்தியரிடம் வாலாட்டிய வாதாபி.

கோயில் சொற்பொழிவுகளில் நாம் கேட்டுப் பழகிய பட்டியல் கொஞ்சம் வேறு. காமம், குரோதம், லோபம், மோகம் (மயக்கம்), மதம், மாற்சரியம் (பொறாமை) என்று அது போகும். அர்த்தசாஸ்திரத்தின் ஆசிரியர் கௌடில்யர் மோகத்தையும் மாற்சரியத்தையும் விட்டுவிட்டு மானத்தையும் ஹர்ஷத்தையும் வைக்கிறார். வள்ளுவரும் குற்றங்கடிதலின் முதல் இரண்டு குறள்களில் செருக்கு, சினம், சிறுமை என்று மூன்றையும், "இவறலும் மாண்பிறந்த மானமும் மாணா உவகையும்" என்று மூன்றையும் சொல்கிறார். சிறுமைக்குக் காமம் என்று பொருள்கொண்டு உரையாசிரியர் பரிமேலழகர் ஆறையும் கணக்கில் கொண்டுவந்துவிடுகிறார்.

சாதாரண மனிதனுக்கும் ஆள்பவனுக்கும் பட்டியல் ஏன் மாற வேண்டும்? அதிகாரம் இருக்கும் இடத்தில் மானமும் உவகையும் செய்யும் சேதம் தனி ரகம் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. இங்கே மானம் என்பது, எடுத்த முடிவு தப்பு என்று தெரிந்த பிறகும் "சொன்னது சொன்னதுதான்" என்று நிற்பது. ஷிப்ட் அட்டவணையை மாற்றினீர்கள், ஒத்துவரவில்லை, பழையதற்கே திரும்பினால் மரியாதை போய்விடும் என்று இன்னும் மூன்று மாதம் ஓட்டுகிறீர்கள். துரியோதனனுக்கு நடந்தது பெரிய அளவில் அதுவேதான்.

உவகையை யாரும் சந்தேகப்படுவதில்லை. பெரிய ஆர்டர் கிடைத்த அன்று மாலை, அந்த உற்சாகத்தில் இன்னொரு வாடிக்கையாளருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிடுவோம். எல்லோருக்கும் ஊக்கத்தொகை என்று அறிவித்துவிடுவோம். சந்தோஷத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கீழே இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்வார்கள். "இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக தாந்தம் மகிழ்ச்சியின் மைந்துறும் போழ்து" என்று வள்ளுவர் எச்சரிப்பது இந்த மாலை நேரத்தைத்தான். மகிழ்ச்சி மிஞ்சும்போது, அஜாக்கிரதையால் கெட்டவர்களை நினைத்துக்கொள் என்கிறார்.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்கக் கண்ணை மூடித் தியானம் செய்ய வேண்டியதில்லை. கடந்த ஒரு வருடத்தில், முடிந்தால் திரும்பப் பெற்றுக்கொள்வேன் என்று தோன்றும் முடிவுகளை எழுதுங்கள். ஐந்தாறு தேறும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆறில் எது வேலை செய்தது என்று குறியுங்கள். ஒன்றே திரும்பத் திரும்ப வரும். இப்போதைக்கு அது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறையும் ஒரே சமயத்தில் வெல்லக் கிளம்பியவர்கள் பத்து நாளில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

3. சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுங்கள்

கீதையின் 2ஆம் அத்தியாயத்தில், 62, 63ஆம் சுலோகங்களில், மனிதன் கெடும் வரிசை ஒன்று இருக்கிறது. ஒரு பொருளையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று வருகிறது, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து சினம், சினத்திலிருந்து மயக்கம், மயக்கத்தில் நினைவு தவறுகிறது, நினைவு தவறினால் புத்தி நாசம், பிறகு அழிவு. காந்தியின் ஆசிரமத்தில் மாலைப் பிரார்த்தனையில் ஓதப்பட்ட கடைசி 19 சுலோகங்களுக்குள் இதுவும் அடக்கம்.

வரிசையை நன்றாகப் பாருங்கள். சினம் நான்காவது. நாம் விழித்துக்கொள்வது அங்கேதான், அதற்குள் பாதி வழி வந்தாகிவிட்டது. "கோபம் வந்தால் பத்து எண்ணு" என்ற யோசனை பல பேருக்குப் பலிக்காததற்குக் காரணம் இது. அறுக்க வேண்டியது முதல் கண்ணியை, அதாவது திரும்பத் திரும்ப அதையே நினைப்பதை.

இரவு 9.30 மணி. வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: "ரிப்போர்ட் நாளைக்குத்தான் முடியும் சார்." முதல் முறை படிக்கும்போது அது வெறும் தகவல். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி படிக்கிறீர்கள். படுக்கப்போகும்போது இன்னொரு தடவை. நான்காவது முறை படிக்கையில் அந்த "சார்" என்பதே கிண்டலாகத் தெரியும். எழுதியவர் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. இந்த நேரத்தில் தட்டச்சு செய்யும் பதிலில்தான் கீதை சொல்லும் நினைவு தவறுதலும் நடக்கும். அவர் மூன்று வருடமாக ஒரு கெடுவையும் தவறவிட்டதில்லை என்பது அந்த நிமிடம் ஞாபகத்துக்கு வராது.

விதியை எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே செய்தியை இரண்டாம் தடவை திறக்கிறோம் என்று தெரிந்ததும் போனை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். அதிருப்தியைச் சொல்லும் எந்தச் செய்தியும் ராத்திரியில் போகக் கூடாது. எழுதியே ஆக வேண்டும் போலிருந்தால் நோட்டில் எழுதுங்கள். காலையில் படித்துப் பார்த்தால் முக்கால்வாசியை அனுப்பத் தோன்றாது.

4. தண்டிக்கும் முன்: ஒரு பாண்டியனும் ஒரு சேரனும்

ஆட்களைக் கண்டிப்பது, வேலையை விட்டு அனுப்புவது, பணம் பிடிப்பது போன்ற முடிவுகளைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இவற்றைத் திருப்பி எடுக்க முடியாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது தெரிந்த பழமொழிதான். ஆனால் சிலப்பதிகாரம் காட்டும் பாண்டியன் ஆத்திரக்காரனே இல்லை. அதனால்தான் அந்தக் கதை நமக்கு அதிகம் பயன்படும்.

கொலைக்களக் காதையில் நடப்பதை மெதுவாகப் படியுங்கள். அரண்மனையில் ஆடல் பாடல். மன்னனின் மனம் ஆடுகிற பெண்கள் பக்கம் போய்விட்டது என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். அமைச்சர் சுற்றத்தை விட்டு நீங்கி, அவளைச் சமாதானம் செய்ய அவன் அந்தப்புரத்துக்கு விரைகிறான். வாசலில் பொற்கொல்லன் வந்து விழுந்து வணங்கி, சிலம்பு திருடிய கள்வன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். "தேரான் ஆகி", அதாவது ஆராயாதவனாகி, ஊர்க்காவலரைக் கூப்பிட்டு மன்னன் சொல்கிறான்: சிலம்பு கள்வன் கையதாகில், "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு."

அவனுக்கு யார்மேலும் கோபமில்லை. மனம் வேறிடத்தில் இருந்தது, கால் அவசரத்தில் இருந்தது, பக்கத்தில் ஆலோசனை சொல்ல ஆளில்லை. "கையில் இருந்தால்" என்று நிபந்தனைகூடப் போட்டிருக்கிறான். ஆனால் விசாரணையையும் தண்டனையையும் ஒரே வாக்கியத்தில் வைத்துக் காவலர் கையில் கொடுத்துவிட்டான். அங்கே போன காவலர்களில் சிலருக்குக் கோவலன் முகத்தைப் பார்த்ததும் தயக்கம். பொற்கொல்லன் பேசிப் பேசி அதைக் கரைக்கிறான். கடைசியில் கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். "செக் பண்ணிட்டு, தப்புன்னா நிறுத்திடுங்க" என்று காரில் ஏறும் அவசரத்தில் போனில் சொல்லும் ஒவ்வொரு மேலாளரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்.

இன்னொரு பக்கம் புறநானூற்றின் 50ஆம் பாட்டு. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் வீர முரசை நீராட்டக் கொண்டு போயிருக்கிறார்கள். எண்ணெய் நுரையை அள்ளி வைத்தது போன்ற பூம்படுக்கையோடு முரசுகட்டில் காலியாகக் கிடக்கிறது. நடந்து களைத்துவந்த புலவர் மோசிகீரனார் என்னவென்று தெரியாமல் அதில் ஏறித் தூங்கிவிடுகிறார். அந்தக் கட்டிலில் ஏறியவரை வாளால் இரண்டு துண்டாக்குவதுதான் அன்றைய முறை. அரசன் வந்தான், பார்த்தான். வாளை எடுக்கவில்லை. கிட்டே வந்து, முழவு போன்ற தோளை வீசிக் குளிரக் குளிர விசிறினான். விழித்துப் பார்த்த புலவர் பாடிய பாட்டுத்தான் நம் கையில் இருக்கிறது.

சேரனுக்குச் சட்டம் துணை நின்றது, வழக்கம் துணை நின்றது, வெட்டியிருந்தால் கேட்பார் இல்லை. செல்லிடத்துக் காத்தல் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த இரண்டையும் வைத்து மூன்று கட்டுப்பாடுகள். சம்பந்தப்பட்டவர் வாயால் கேட்காமல் முடிவு சொல்வதில்லை. எங்கோ போய்க்கொண்டிருக்கும்போது, நின்றபடியே, முடிவு சொல்வதில்லை. விசாரிப்பவரும் தண்டிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. விசாரித்தவர் திரும்பி வந்து சொன்ன பிறகு முடிவு உங்களுடையது. தண்டித்தே ஆக வேண்டும் என்றால் "கடிதோச்சி மெல்ல எறிக" என்ற குறள் இருக்கிறது. ஓங்குவது கடுமையாக இருக்கட்டும், விழும் அடி மெல்ல விழட்டும்.

5. நாக்கு

"யாகாவா ராயினும் நாகாக்க" என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள், விளக்க வேண்டாம். நடைமுறைக்கு உதவும் அளவுகோல் கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. வாக்கின் தவத்துக்கு அங்கே நான்கு சோதனை: கேட்பவரைக் கலங்கடிக்காதது, உண்மையானது, இனியது, நன்மை தருவது. நான்கும் ஒன்றாக நிற்க வேண்டும். புதிய தலைவர்கள் இனிமையை வைத்துக்கொண்டு உண்மையை விட்டுவிடுவதும் உண்டு, அதுவும் தேறாது. வருடம் முழுக்க "சூப்பர், சூப்பர்" என்று சொல்லிவிட்டு மதிப்பீட்டு நாளில் குறையைக் கொட்டுவது அந்த வகை.

வாக்குக் கொடுப்பதும் நாக்கின் வேலைதான். காமராஜர் மனு கொண்டுவருபவர்களிடம் "ஆகட்டும் பார்க்கலாம்" என்பார். அதில் மறுப்பும் இல்லை, பொய்யான உறுதியும் இல்லை. முதல் ஆறு மாதம் அந்த வாசகத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம், சொன்னபடி பார்க்கவும் செய்கிற பட்சத்தில்.

6. நாளுக்கு வேலி போடுங்கள்

தூக்கமும் சாப்பாடும் தவறியவரிடம் அடக்கம் எதிர்பார்க்க முடியாது. அர்த்தசாஸ்திரம் அரசனின் பகலை எட்டாகவும் இரவை எட்டாகவும் நாழிகைக் கணக்கில் பிரிக்கிறது. ஒரு பகுதி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். காலை முதல் பகுதியில் காவல் ஏற்பாடும் வரவு செலவும். இரண்டாவதில் மக்களின் வழக்கு. மூன்றாவதில் குளியல், உணவு, படிப்பு. இரவிலும் ஒரு பகுதி மறுபடி குளியல், உணவு, படிப்பு. பகலின் ஆறாம் பகுதியில் விருப்பம்போல் பொழுதுபோக்கு அல்லது ஆலோசனை. தூக்கத்துக்கு இரண்டே பகுதி, அதாவது மூன்று மணி நேரம். இதை மட்டும் பின்பற்றிவிடாதீர்கள். தன் வலிமைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று கௌடில்யரே இடம் கொடுக்கிறார். அளவுக்கு மீறி உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், அதிகம் தூங்குபவனுக்கும் விழித்தே கிடப்பவனுக்கும் யோகம் இல்லை என்கிறது கீதையின் 6ஆம் அத்தியாயம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, ஆட்கள் உங்களைப் பார்க்க நிச்சயமான நேரம். முறையிட வந்தவரை வாசலில் காக்க வைக்காதே என்கிறது அர்த்தசாஸ்திரம். பார்க்கவே கிடைக்காத அரசனை, அவனுக்குக் கிட்டே இருப்பவர்கள் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதையே தலைகீழாக்கிச் செய்ய வைத்துவிடுவார்கள் என்று காரணமும் சொல்கிறது. தினம் காலை 11 முதல் 11.45 வரை கதவு திறந்திருக்கும் என்று அறிவித்துவிட்டு அதைக் காப்பாற்றுங்கள். இன்னொன்று, படிப்புக்கு ஒதுக்கிய நேரம், அரைமணி போதும்.

அசோகன் இதற்கு நேர் எதிர். சாப்பிடும்போதோ அந்தப்புரத்திலோ தோட்டத்திலோ, எங்கே இருந்தாலும் மக்கள் காரியத்தை எனக்குத் தெரிவியுங்கள் என்று 6ஆம் பாறைக் கல்வெட்டில் சொல்கிறான். மனசு உயர்ந்த மனசுதான். கையில் போன் இருக்கும் நமக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து. எந்நேரமும் கிடைக்கிற தலைவர் எந்நேரமும் எரிச்சலோடு கிடைப்பார். உண்மையான அவசரத்துக்கு மட்டும் ஒரு வழியைத் திறந்து வையுங்கள், அவசரக் காரியத்தைத் தள்ளிப்போடாதே என்று கௌடில்யரும் சொல்கிறார்.

இன்னொன்றும் அவர் சொல்கிறார், பலர் கவனிப்பதில்லை: அறத்துக்கும் பொருளுக்கும் முரணாகாமல் இன்பம் துய்க்கலாம், இன்பமே இல்லாமல் இருக்க வேண்டாம். ஆகவே சினிமா, கிரிக்கெட், பிரியாணி எதையும் இதற்காக விட வேண்டியதில்லை.

7. இடித்துச் சொல்ல ஒரு ஆள்

இதுவரை சொன்னவற்றில் பாதி, யாராவது கூடவே பார்க்காவிட்டால் நடக்காது. மன உறுதியை நம்பி இதில் இறங்குவது வீண். கௌடில்யரும் நம்பவில்லை. அரசன் தனிமையில் தவறும்போது, நேரத்தைக் காட்டும் நிழலையும் நாழிகையையும் தாற்றுக்கோலாக்கி (மாட்டை முடுக்கும் முள்கோலாக்கி) ஆசிரியரும் அமைச்சரும் அவனைக் குத்த வேண்டும் என்கிறார். அடுத்த வரியிலேயே, அரசு என்பது துணையோடுதான் நடக்கும், ஒற்றைச் சக்கரம் ஓடாது என்கிறார். "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்" என்பது அதே கருத்தின் குறள் வடிவம். கெடுக்க ஆளே வேண்டாம், இடிக்க ஆளில்லாததே போதும்.

ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? உங்களால் அவருக்கு ஆதாயமும் இருக்கக் கூடாது, நட்டமும் வரக் கூடாது. உங்களிடம் சம்பளம் வாங்குபவர் வேண்டாம். உங்கள் இடத்துக்குப் போட்டியிடுபவரும் வேண்டாம். ஓய்வுபெற்ற சீனியர், வேறு பிரிவில் இருக்கும் அக்கா, பழைய ஆசிரியர் என்று யாராவது கிடைப்பார். அவரிடம் "என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார். குறிப்பாகக் கேளுங்கள்: "இந்த மாதம் நான் ஒருவரை மட்டம் தட்டியதாக ஏதாவது காதில் விழுந்ததா?"

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பியிடம் பேசியதைப் பார்த்தால் (புறநானூறு 184) இடித்துரைப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். உன் வரி கொடுமை என்று அவர் தொடங்கவில்லை. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மா அளவுக்கும் குறைந்த நிலம் யானைக்குப் பல நாளுக்கு வரும். அதே யானை தனியே வயலுக்குள் புகுந்தால் நூறு வயலானாலும் "வாய்புகுவதனினும் கால்பெரிது கெடுக்கும்" என்கிறார். குற்றம்சாட்டாமல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

கேட்பவர் பக்கத்திலும் ஒரு வேலை உண்டு. "செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்" என்கிறது குறள். காது கசக்கும் சொல் வந்ததும் நமக்கு முதலில் வருவது விளக்கம்: "இல்லண்ணே, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா..." அந்த விளக்கத்தை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். இப்போதைக்கு "சரி, யோசிக்கிறேன்" மட்டும். முதல் தடவையே வாதாடினால் அவர் அடுத்த முறை எதுவும் சொல்ல மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. அர்த்தசாஸ்திரம் ஒற்றர்களையும் சொல்லிக் கொடுக்கிறது, அமைச்சர்களுக்கு ஆசைகாட்டிச் சோதிப்பதையும் சொல்லிக் கொடுக்கிறது. அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து ஊழியர்களை உளவு பார்க்க ஆள் வைப்பவர்களும் உண்டு. உங்கள் குறையைச் சொல்லத்தான் இந்த ஆள், மற்றவர் குறையைச் சொல்ல இல்லை.

8. ராத்திரி ஐந்து நிமிடம்: தௌலிப் பட்டியல்

புவனேசுவரம் அருகே தௌலியில் அசோகனின் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டதையும் சொல்லி வருந்தும் 13ஆம் கல்வெட்டு அந்தக் கலிங்க மண்ணில் வெட்டப்படவில்லை. அங்கே வேறு தனிக் கல்வெட்டுகள். அவற்றில் ஒன்று தோசலி நகரத்து நீதி அதிகாரிகளுக்கு எழுதியது. காரணமில்லாமல் மனிதர்கள் சிறையில் கிடக்கிறார்கள், நடுநிலையோடு இருங்கள் என்று சொல்லிவிட்டு, நடுநிலையைக் கெடுக்கும் ஏழு குணங்களை அடுக்குகிறது: பொறாமை, முன்கோபம், கொடுமை, அவசரம், விடாமுயற்சியின்மை, சோம்பல், களைப்பு.

களைப்பைக் குணக்கேட்டின் வரிசையில் வைத்த ஆட்சியாளன் நிர்வாகம் தெரிந்தவன். மாலை ஆறு மணிக்கு மேல் நீங்கள் எடுத்த முடிவுகளைக் காலையில் எடுத்தவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அவன் சொல்வது புரியும்.

படுக்கும் முன் இந்த ஏழு குணங்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இன்று எது வந்தது, யாரிடம்? ஒரு வரி எழுதினால் போதும், நீண்ட நாட்குறிப்பு வேண்டாம். மாதம் ஒருமுறை பழைய பக்கங்களைப் படியுங்கள். அந்தக் கல்வெட்டையும் திஷ்ய நட்சத்திர நாளில், அதாவது பூசத்தன்று, வாசிக்கக் கேட்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரு தடவை சொன்னால் யாருக்கும் நிற்காது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மனம் காற்றைப்போல அலைகிறதே என்று அர்ச்சுனன் முறையிடும்போது கண்ணன்கூட, பயிற்சியும் பற்றின்மையும் வேண்டும் என்றுதான் பதில் சொல்கிறான், வேறு குறுக்குவழி காட்டவில்லை.

9. தவறிவிட்டால்

தவறும். நல்ல நாளில், எல்லோர் முன்னாலும், சின்ன விஷயத்துக்கு ஒருவரைக் கடித்துவிடுவீர்கள். அதற்கப்புறம் செய்ய வேண்டியதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, அந்த நேரத்தில் மானம் குறுக்கே வந்து நிற்கும்.

பத்து பேர் முன்னால் கத்தினீர்களா, அதே பத்து பேர் இருக்கும்போது மன்னிப்புக் கேளுங்கள். தனியாக அறைக்குக் கூப்பிட்டுத் தோளில் தட்டி "மனசுல வச்சுக்காதப்பா" என்பது கணக்கில் சேராது. அவமானம் நடந்தது வெளியே. அன்றைக்கே செய்துவிடுங்கள், வார இறுதி வரை ஆறப்போட வேண்டாம். "ஆனால்" என்ற சொல் வரக் கூடாது. "நேத்து தூங்கல, அதான்" என்பதும் வேண்டாம். "காலையில உங்ககிட்ட நான் பேசின விதம் தப்பு" என்ற ஒரு வாக்கியம் போதும். அவர் உடனே "பரவாயில்ல சார்" என்பார், அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறென்ன சொல்ல முடியும் அவரால்? பதில் எதிர்பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போங்கள். காலையில் கத்தியதற்குக் காரணமான தவறு நிஜமாகவே அவருடையது என்றால், அதை மறுநாள், உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொள்ளலாம்.